விடைத்தாளைப் பிரித்துப் பார்

அன்புள்ள குமரனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சித்தி மகளுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். மற்றதைப் போனில் சொல்கிறேன், நீ எடுத்தால்.

கடைசியாகப் பேசியபோது உன் பரீட்சை ரிசல்ட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. வைக்கும்போது மட்டும் "நம்ம கையில என்னம்மா இருக்கு" என்றாய். அந்தப் பேச்சுதான் மனதை அரிக்கிறது.

நான் பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். விடைத்தாள் கொடுத்தால் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு, நாலாக மடித்துப் பையில் செருகிவிடுவாள். "எனக்குக் கணக்கு வராது டீச்சர்." ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துப் பிரிக்கச் சொன்னேன். முறையெல்லாம் சரி. அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த கழித்தல் குறியை உள்ளே பெருக்காமல் விட்டிருந்தாள், எல்லாக் கணக்கிலும் அதே தப்பு. இப்போது அவளே கேட்கிறாள், "எங்க விட்டேன் டீச்சர்?"

பி.எட்.டில் ஜூலியன் ராட்டர் என்ற உளவியலாளரைப் படித்தோம். நடப்பது தன் செயலால் என்று நம்புகிறவர்கள், விதியாலோ பிறராலோ என்று நம்புகிறவர்கள் என மனிதர்களைப் பிரித்து அவர் 1966இல் எழுதியது. அதைவிட என் மனதில் நின்றது கரோல் டுவெக் என்ற இன்னொரு உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வு. தோற்றால் உடனே கைவிடும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வெற்றி மட்டுமே கிடைக்கும்படி கணக்குக் கொடுத்தார். மற்றவர்களை இடையிடையே தோற்கவிட்டு, முயற்சி போதவில்லை என்று எடுத்துச் சொன்னார். பிறகு தோல்வி வந்தபோது முதல் பகுதியினர் பழையபடி துவண்டார்கள், மற்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் முயற்சி போதவில்லை என்று மட்டும் சொன்னால் உழைத்த பிள்ளை நொந்துபோகும். எந்த இடத்தில் என்று காட்ட வேண்டும், அது என் அனுபவம்.

மெக்கானிக் கைவிட்ட தண்ணீர் மோட்டாரைத் திண்ணையில் பிரித்துப்போட்டு ஓடவைத்தவன் நீ. தெருவே வந்து பார்த்தது. அந்தப் பிள்ளையா இப்படிப் பேசுவது? கேள்வித்தாள் கடினமாக வரலாம், திருத்துகிறவரும் தவறலாம், இல்லையென்று சொல்லவில்லை. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்ப்பது உன் கையில்தானே இருக்கிறது?

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். எதற்கென்று கேட்காதே, நானும் எதையும் கேட்கமாட்டேன். நகலுக்கு விண்ணப்பி. தேதி முடிவதற்குள் விண்ணப்பி. நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிறு காலை அப்பா சந்தைக்குப் போய்விடுவார், பத்து மணி வரை வரமாட்டார். அப்போது கூப்பிடு.

அம்மா