முகாமில் என்ன கற்றுத்தருகிறார்கள் என்பது அப்புறம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

விடுமுறை நெருங்கியதும் தங்கள் நாளிதழில் கோடை முகாம் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. நீச்சல், ஓவியம், செஸ், கீபோர்டு, ரோபோ என்று ஒவ்வொன்றிலும் நீளமான பட்டியல். மழலையர் வகுப்பில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது 4 வயதுப் பேரனுக்காக முகாம் தேடி அலைந்திருக்கிறேன். இந்த வயதுக் குழந்தைக்கு இடம் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பட்டியலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள், அவர்கள் யார் யார்? முதலில் தெரிய வேண்டியது இதுதான். எந்த அறிவிப்பிலும் அது இல்லை.

அமெரிக்க முகாம் சங்கம் பகல் முகாம்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 5 வயது வரை 6 பிள்ளைகளுக்கு ஒருவர். 6 முதல் 8 வயது வரை 8 பிள்ளைகளுக்கு ஒருவர். நியாயமான கணக்கு என்பேன். 20 பிள்ளைகளோடு ஒரே ஒருவர் இருந்தால், ஒன்றை அவர் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகும்போது மற்ற 19 பேரை யார் பார்ப்பது? எண்ணிக்கை கேட்கும்போதே, வேன் ஓட்டுபவரையும் விடுமுறையில் உதவிக்கு வந்திருக்கும் பள்ளி மாணவர்களையும் அதில் சேர்த்துச் சொல்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

நான் போன ஒரு முகாமில் ஹால் அழகாக இருந்தது, சுவர் முழுக்கப் படங்கள். பாத்ரூமைக் காட்டச் சொன்னேன். தாழ்ப்பாள் என் தோள் உயரத்தில் இருந்தது. தரையெல்லாம் ஈரம். குழாய் பிள்ளைக்கு எட்டாது, ஏறி நிற்க ஒரு பலகைகூடக் கிடையாது. யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் மேடம்" என்றார்கள். இன்னோர் இடத்தில் இதே கேள்வியைக் கேட்டதும் அங்கிருந்த பெண், "காலையில நான், சாப்பாட்டுக்கு அப்புறம் இவங்க" என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். மாற்றுத் துணி வைக்கும் அலமாரியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பேரனை அங்கேதான் சேர்க்கச் சொன்னேன்.

பாத்ரூமைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளை புது இடத்தில் வாய் திறந்து கேட்காது. கால்சட்டை நனைந்துவிட்டால் பல பிள்ளைகள் அழக்கூட மாட்டார்கள். எல்லாரும் விளையாட எழுந்து ஓடினாலும் அது மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. சட்டை நுனியைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகளோடு பழகியவர் ஒருவர் அறையில் இருந்தால் அதைக் கண்டுபிடித்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் துணி மாற்றி அழைத்து வந்துவிடுவார். யாரும் கவனிக்காத பிள்ளை மறுநாள் காலையில் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். வீட்டிலோ, செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு என்பார்கள்.

நீச்சல் இருக்கிறது என்றால் இன்னும் கறாராகக் கேட்க வேண்டும். 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் நீரில் மூழ்குவதும் ஒன்று. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது, போட மூச்சும் இருக்காது. பயிற்சியாளர் கரையில் நின்று விசில் ஊதினால் போதாது, கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அதே போல வேன். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 10 நிமிடத்திலேயே சூடு 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். சிறு பிள்ளையின் உடம்பு பெரியவர்களை விட வேகமாகச் சூடாகும். தூங்கிப்போன பிள்ளை சீட்டுக்கடியில் சரிந்து கிடந்தால் வெளியிலிருந்து தெரியாது. எல்லாரும் இறங்கியபின் கடைசி சீட் வரை நடந்து பார்ப்பது யார் வேலை என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடம் நமக்கு வேண்டாம்.

சரி, பாடங்கள்? 3, 4 வயதுக் குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடமாவது ஓடியாடி இருக்க வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மணிக்கொரு வகுப்பு என்று அட்டவணை போட்டால் இதற்கெல்லாம் நேரம் எங்கே? மண், தண்ணீர், நாலு கட்டைகள், கதை சொல்ல ஒரு ஆள், மதியம் படுக்க ஒரு பாய். இவை இருந்தாலே அந்த வயதுக்கு நல்ல முகாம்தான். மதியத்தில் டிவி முன்னால் உட்காரவைக்கும் முகாமுக்குப் பணம் கட்டி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் முகாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. முகாம் நடத்துபவர்களும் பார்த்துக்கொள்வதையே தங்கள் முதல் வேலையாக நினைக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி முகாம் அறிவிப்புகளை வெளியிடும்போது, எந்த வயதினருக்கு, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், முதலுதவி தெரிந்தவர் நாள் முழுக்க இருப்பாரா, சேர்க்கும் முன் பெற்றோர் உள்ளே வந்து பார்க்கலாமா ஆகிய விவரங்களையும் நடத்துபவர்களிடம் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். சொல்ல மறுப்பவர்களின் அறிவிப்பில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மழலையர் பள்ளி ஆசிரியை