சீவாளியோடு வந்த பெரியவருக்கும், உடனிருந்த எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். பலவகைப் பாட்டுக்காரர்கள் சேர்ந்து பாடிய எங்கள் இசைக் குழுவின் ஒலிப்பதிவு முடிந்துவிட்டது. இந்த வரியை எழுதும் நிலை வரும் என்று எங்களில் ஒருவரும் நம்பாத ஒரு வாரத்தைக் கடந்து வந்திருக்கிறோம். தண்ணீர் ஏறிய அந்த இரவில் என்ன நடந்தது, எது போயிற்று, எது மிஞ்சியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஓடி வந்தீர்கள். ஆகவே அதை மறுபடியும் விரிக்காமல், நன்றியை ஆறப்போடக் கூடாது என்பதற்காக இந்த மடலை உடனே எழுதுகிறேன்.

உதவியவர்கள் பலர். எல்லோரையும் கீழே சொல்கிறேன். ஆனால் ஒருவரைப் பற்றி முதலில், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. அவர் எங்களில் யாருக்கும் அறிமுகமானவர் இல்லை. பெயரை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். திருவாவடுதுறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பல ஆண்டுகள் கோயில் மேளம் வாசித்து, பல் விழுந்தபின் வாசிப்பை நிறுத்திக்கொண்ட நாகசுரக் கலைஞர் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் நாகசுரம் வாசிப்பவர் வயதில் மிகச் சிறிய பெண். தண்ணீர் ஏறியபோது வாத்தியத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியேறியதால் நாகசுரம் பிழைத்தது. நாகசுரத்தின் வாயில் செருகி ஊதும் இதழ்களான சீவாளிகள் இருந்த பை போய்விட்டது. வெளியில் இருப்பவர்களுக்கு இது சிறிய இழப்பாகத் தோன்றலாம். சீவாளி என்பது வாங்கிய அன்றே வாயில் வைத்து வாசிக்கக்கூடிய பொருள் அன்று. ஆற்றங்கரைகளில் வளரும் கொறுக்கைத் தட்டையில் செய்யப்படும் அந்தச் சிறு இதழ், வாசிப்பவரின் மூச்சிலும் ஈரத்திலும் நாள்பட ஊறி, ஓரம் சற்றே தேய்ந்து, அவருடைய உதட்டின் அழுத்தத்துக்குப் பழகிய பிறகுதான் நினைத்த சுரத்தை நினைத்த இடத்தில் கொடுக்கும். புதுச் சீவாளியில் கமகம் என்னும் சுர அசைவு பிடிபடாது. மேல் ஸ்தாயியில் பிசிறடிக்கும். ஒலிப்பதிவுக்கான நாளைத் தள்ளிப்போட வழியில்லாத நிலையில், நாகசுரம் இல்லாமலேயே பதிவை முடித்துவிடலாமா என்று கூடப் பேசத் தொடங்கியிருந்தோம். அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

யார் மூலம் செய்தி போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் காலை, மழை விடாத நேரத்தில், பேருந்தில் வந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவர் மண்டபத்துக்குள் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய ஏழெட்டுச் சீவாளிகள் இருந்தன. ஒரு டம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக நனைத்து, வாயோரத்தில் சிறிது நேரம் அடக்கி வைத்து, வெறும் சீவாளியையே ஊதிப் பார்த்தார். சிலவற்றைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி மறுபடியும் ஊதினார். சிலவற்றைத் தலையசைத்துக் கூட்டுக்குள்ளேயே திருப்பி வைத்தார். கடைசியில் மூன்றைத் தேர்ந்தெடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து, "பாப்பா, இது நான் வாசிச்சது. கொஞ்ச நேரம் முரண்டு பிடிக்கும். விடாம வாசி, அப்புறம் நீ சொன்னபடி கேக்கும்" என்றார். "தாத்தா, உங்களுக்கு வேணாமா?" என்று அவள் கேட்டதற்கு, "பல்லு இருந்தாத்தானேம்மா" என்று மட்டும் பதில் சொன்னார்.

வாசிப்பை விட்ட பின்னும் ஒருவர் சீவாளிகளைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பது எதற்காக என்று இசைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைத்தான் அவர் கொடுத்துவிட்டுப் போனார். கைம்மாறாக எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. பேருந்துக் கட்டணத்துக்குக் கூட இசையவில்லை; காபி மட்டும் குடித்தார்.

கொடுத்ததும் கிளம்பிவிடுவார் என்று நினைத்தோம். அவர் உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் இரண்டாவது உதவி நிகழ்ந்தது. என் கணக்கில் அது சீவாளிக்கு எள்ளளவும் குறைந்ததன்று.

பலவகைப் பாட்டுக்காரர்கள் ஒன்றாகப் பாடுவதில் முதல் சிக்கல் சுருதிதான். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். எங்கள் ஓதுவார் 1½ கட்டையில் பாடுகிறவர். நாகூர் தர்காவில் பாடும் அண்ணனுக்கு 2½ கட்டை. நடவுப் பாட்டுப் பாடும் அம்மாக்களும், ஆலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த ஆசிரியையும் 5 கட்டையில்தான் இயல்பாகப் பாடுவார்கள். நாகசுரமோ 2 கட்டைக்குக் கடைந்தெடுத்த மரம். அடியில் உள்ள துளைகளில் மெழுகு வைத்துச் சிறிது சரிப்படுத்தலாமே தவிர, பாடுகிறவர் தொண்டைக்கு ஏற்ப அதை ஏற்றவோ இறக்கவோ முடியாது. ஓதுவார் அரைக் கட்டை ஏறினார், நாகூர் அண்ணன் அரைக் கட்டை இறங்கினார். இருவரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லாமலே அதைச் செய்தார்கள். பெண்களை மட்டும் 2 கட்டைக்கு இறக்கப் பார்த்து, அவர்கள் குரல் அடியில் அமுங்கிப்போய்த் தவித்துக்கொண்டிருந்தோம். பெரியவர் கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, "அவங்களை ஏன் இறக்குறீங்க? உங்க மத்திமத்தை அவங்க சட்சமா வச்சுக்கட்டும். உங்க சட்சம் அவங்களுக்குப் பஞ்சமமாயிடும்" என்றார். சட்சம் (ச) அடிப்படைச் சுரம்; மத்திமம் (ம) அதிலிருந்து நான்காவது, பஞ்சமம் (ப) ஐந்தாவது. 2 கட்டையின் மத்திமம் 5 கட்டை. இசை படித்தவர் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். நாங்கள் இருந்த பதற்றத்தில் அது எவருக்கும் தோன்றவில்லை. தம்புராவின் சுருதியை மாற்றியதும் அம்மாக்களின் குரல் தன் இடத்துக்கு வந்து நின்றது. அந்தக் குரலுக்கு அடியில் நாகசுரத்தின் சட்சம் பஞ்சமமாக நின்று தாங்கியது. அறையில் இருந்த அத்தனை பேர் முகமும் அந்த நொடியில் மாறியதைப் பார்த்தேன். சேர்ந்து பாடுவதன் இன்பம் என்று நான் இத்தனை காலம் சொல்லிவந்ததற்கு ஒரே உதாரணம் காட்டச் சொன்னால் இனி இதைத்தான் காட்டுவேன்.

அந்த 2 கட்டைக்குப் பின்னால் இந்த மண்ணின் கதையும் ஒன்று உண்டு. முன்பு வழக்கத்தில் இருந்த திமிரி நாகசுரம் குட்டையானது. சுருதி 4, 5 கட்டை வரை போகும். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளம் கூடிய பாரி நாகசுரத்தை நிலைபெறச் செய்த பிறகுதான், 2, 2½ கட்டையில் கனமும் குழைவும் உள்ள நாதம் எங்கும் பரவியது. அந்த வாத்தியத்தைக் கடைந்து தரும் நரசிங்கம்பேட்டை திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரம் புவிசார் குறியீடு பெற்றது. சுருதி அப்படி இறங்கியிராவிட்டால் ஓதுவாரும் நாகூர் அண்ணனும் நாகசுரத்தோடு ஒரே பாட்டில் உட்கார வழியே இருந்திருக்காது.

வெவ்வேறு பாணிக்காரர்கள் ஒன்றுசேர்வதை நாகரிகக் கலப்பு என்று சிலர் ஐயத்தோடு பார்க்கிறார்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. காவிரி டெல்டாவின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அந்நிய வாத்தியமாக இருந்த வயலினைக் கையில் எடுத்தார்கள். இன்று வயலின் இல்லாத கச்சேரியை எண்ணிப் பார்க்க முடிகிறதா? மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறையில்) முன்சீப் என்னும் நீதிபதியாக இருந்த கிறித்தவர் வேதநாயகம் பிள்ளை (1826–1889) எல்லாச் சமயத்தாரும் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதினார். ஆந்திரத்திலிருந்து வந்து திருவரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா நாகசுரத்தில் கொடிகட்டிப் பறந்தார். இவர்கள் யாரும் தங்கள் வழியை விட்டுவிடவில்லை. பிறர் வழியைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

காதுகொடுத்தல் என்பதால்தான் இந்தப் பதிவை ஒருவர் ஒருவராகத் தனித்தனியே பாடவைத்துப் பின்னர் ஒட்டும் முறையில் செய்யக் கூடாது என்று தொடக்கத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தோம். தனித்தனி ட்ராக்காக எடுத்தால் வேலை எளிது, பிழை திருத்துவது எளிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஓதுவார் தாளமின்றி விருத்தமாகப் பாடும்போது எங்கே மூச்சு விடுவார் என்று ஹெட்போனில் தாளக் கணக்குக்காகத் தட்டிக்கொண்டிருக்கும் கிளிக் ஒலிக்குத் தெரியாது. எதிரில் உட்கார்ந்து அவர் தோள் ஏறி இறங்குவதைப் பார்க்கிற தவில்காரருக்குத் தெரியும். தவிலையும் நாகசுரத்தையும் பந்தி போடும் கூடத்தில் வைத்து, நடுக்கதவைத் திறந்துவிட்டு, எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி உட்கார்ந்தோம். ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலி சிறிது கசியத்தான் செய்தது. அதைச் சகித்துக்கொண்டு, தன் அனுபவத்தையெல்லாம் மைக் வைக்கும் இடத்தில் காட்டிய ஒலிப்பதிவாளர் தம்பிக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

நடவுப் பாட்டுப் பாடிய அம்மாக்கள் நாற்காலியில் உட்கார்ந்து பாட மாட்டோம் என்றார்கள். குனிந்து நின்றால்தான் பாட்டு வருகிறது என்றார்கள். மைக்கை இடுப்பளவுக்கு இறக்கி வைத்தோம். அவர்கள் இரண்டு அடி பாடியதும் ஓதுவார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தேவாரத்தில் செவ்வழி என்னும் பழந்தமிழ்ப் பண்ணை (பண் என்றால் ராகம்) யதுகுலகாம்போதி ராகத்தில் பாடுவது ஓதுவார் மரபு. அந்த ராகத்தின் சாயல் தாலாட்டிலும் வயல் பாட்டிலும் ஊறிக் கிடப்பதைக் கேட்டுப் பழகியவர்கள் அறிவார்கள். "என் பண்ணை இந்த அம்மா எனக்கு முன்னாடியே பாடிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் விட்ட இடத்தில் எடுத்தார். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சைகை காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாட்டு ஒரே முறையில் பதிவானது. நாங்கள் மறுபடியும் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டோம்.

பெரியவர் இதற்குள் தப்பு என்னும் பறை அடிக்கும் கலைஞருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார். தேரோட்டத்தில் மேளம் சுவாமிக்கு முன்னும் தப்பு தெருக்கோடியிலுமாகத் தள்ளியே ஒலித்த காலத்தைப் பார்த்தவர் அவர். தொடையில் தாளம் போட்டபடி கேட்டவர், பாட்டு முடிந்ததும், "தம்பி, கடைசியில ஒரு தீர்மானம் வச்சியே, அதை இன்னொரு தடவை அடி" என்றார். தம்பி அடித்தார். தாளத்தை முடித்துவைக்கும் அந்த அடியைப் பெரியவர் வாயால் ஜதியாகச் சொல்லிப் பார்த்தார். தவில்காரர் பூவரசங் கழியை எடுத்து அதைத் தவிலில் வாங்கினார். பதிவின் முடிவில் தப்பும் தவிலும் மாறி மாறி வரும் பகுதியை நீங்கள் கேட்கும்போது, அது முன்கூட்டித் திட்டமிட்டதன்று, அந்த அரை மணி நேரத்தில் பிறந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பெரியவரிடம் இதைச் சொல்லி நன்றி கூற முயன்றபோது அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பேருந்துக்கு நேரமாகிவிட்டதாம்.

ஐயா, இந்த மடலை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். நீங்கள் கொடுத்த மூன்றில் ஒன்றில்தான் பாப்பா முழுப் பதிவையும் வாசித்தாள். மற்ற இரண்டையும் அதே துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியைச் சொல்லிக்கொடுப்பதாக நீங்கள் சொன்னதை அவள் மறக்கவில்லை. தை பிறந்ததும் உங்கள் ஊருக்கு வருவாள். நானும் உடன் வருவேன்.

இனி மற்றவர்களுக்கு. மண்டபத்தை வாடகையின்றித் திறந்துவிட்டவர்; எதிரொலி அடங்குவதற்காகச் சுவரெல்லாம் தொங்கவிடச் சாக்குகளும் ஜமுக்காளங்களும் கொண்டுவந்து குவித்த தெருக்காரர்கள்; பதிவு நேரத்தில் அரவையை நிறுத்திவைத்த அரிசி ஆலைக்காரர்; தப்பைக் காய்ச்சி முறுக்கேற்றக் காய்ந்த வைக்கோலை அந்த மழையிலும் எங்கிருந்தோ தேடிக் கொடுத்த பால்காரர்; தன் தம்புராவை எங்களை நம்பித் தந்த வாய்ப்பாட்டு ஆசிரியை; நள்ளிரவில் மின்சாரம் போனபோது ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவந்த பந்தல்காரர்; இரண்டு வேளையும் சாம்பாரும் எலுமிச்சைச் சாதமும் செய்து அனுப்பிய பள்ளிவாசல் தெரு வீட்டார்; வெளியூரிலிருந்து பணம் அனுப்பிவிட்டுப் பெயரை மறைத்துக்கொண்டவர்கள்: உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நேரில் வந்து நன்றி சொல்வதே முறை. சிறிது காலம் பிடிக்கும், கட்டாயம் வருவோம்.

ஒரு தீர்மானமும் எடுத்திருக்கிறோம். பதிவிலிருந்து கிடைக்கும் தொகையின் முதல் பங்கில், இந்தப் பகுதியில் நாகசுரம் கற்கும் பிள்ளைகளுக்குத் திருவாவடுதுறைச் சீவாளி செய்வோரிடமிருந்து சீவாளி வாங்கித் தருவோம். அடுத்த பதிவும் ஒரே கூரையின் கீழ், முகம் பார்த்து உட்கார்ந்துதான் நடக்கும்.

சாக்குகளும் ஜமுக்காளங்களும் துவைத்துக் காயவைத்து மண்டபத்தில் அடுக்கப்பட்டுள்ளன. உரியவர்கள் மாலை வேளையில் வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மிக்க அன்புடன்,
பதிவுக் குழுவின் சார்பில்,
மயிலாடுதுறை