உப்புக்காலனுக்குத் தாகமே எடுக்காதா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ எழுதி அனுப்பிய கதையின் நாற்பது பக்கத்தையும் ராமநாதபுரம் போகிற பஸ்ஸில் படித்து முடித்தேன். நீயே உண்டாக்கிய தீவுகள், துறை துறையாகப் போகும் உப்புக்காலன், அவனைப் பற்றி ஆளுக்கொன்றாகச் சொல்லும் கதைகள், எல்லாம் நன்றாக வந்திருக்கு. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. போகிற ஊரிலெல்லாம் உன் ஆள் ஒருத்தனை வெட்டுகிறான், கிளம்பிவிடுகிறான். அவனுக்குத் தாகமே எடுக்காதா?

நம்ம கரையைப் பார். ராமன் போட்ட சண்டையெல்லாம் அக்கரையில். இக்கரையில் செய்தது சில்லறை வேலைதான். திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கிடந்தான். தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல் நட்டான். திரும்பி வருகையில் ஜடா தீர்த்தத்தில் சடையை அலசினான். தங்கச்சிமடத்தில் சீதைக்குத் தண்ணீர் தவித்தபோது வில்லை ஊன்றினான். அந்த இடம்தான் வில்லூண்டி. அங்கே இன்றைக்கும் சின்னப் பாலத்தில் நடந்துபோய் கடலுக்குள் இருக்கிற கிணற்றில் நல்ல தண்ணீர் குடிக்கலாம். படுத்ததும் குளித்ததும் குடித்ததும்தான் கதை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் விரல் நீட்டிக் காட்ட ஓர் இடம் இருக்கு.

உப்புக்கு நடுவில் நல்ல தண்ணீர் வந்தால் ஜனங்கள் கதை கட்டாமல் விடுவார்களா? தனுஷ்கோடி மணலில் இறங்கிய மழைத்தண்ணீர், கனமான உப்புத்தண்ணீர் மேலே மிதந்து நிற்கும். கொஞ்சம் தோண்டினால் ஊறும். ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் கரிக்கும்.

உன் அம்மாச்சி ஊற்றுப் பக்கத்தில் குத்தவைத்து, மணல் கலங்காமல் சிரட்டையால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுவாள். பத்துச் சிரட்டைக்கு ஒருதரம் நிறுத்தணும், மறுபடி ஊறி வர. அந்த இடைவெளியில்தான் எனக்குக் கதை. குடம் நிறைந்தால் கதையும் நின்றுபோகும், பாதியில் நின்றாலும் சரி. மறுநாள் வேறு மாதிரி ஆரம்பிப்பாள். நேற்று இப்படிச் சொல்லலையே என்றால், "நேத்து தண்ணி கலங்கலா இருந்துச்சுல்ல" என்பாள்.

கடைசியில் உப்புக்காலன் பிறந்தது, இறந்தது என்று வருஷ வரிசை போட்டிருக்கிறாயே, அதைத் தூக்கிவிடு. ஊர்க்காரன் எவனும் தன் வீரனுக்கு அட்டவணை வைத்துக்கொள்ள மாட்டான். கதை முடிந்தும் போகாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது கோதண்டராமர் கோயில் மட்டும் நின்றது. இப்போது அங்கே போகிறவர்களுக்கு விபீஷணன் சரணடைந்த கதையோடு புயல் கதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஈட்டிக்காரனைச் சாகடிக்காதே. உப்புக்காலன் குனிந்து ஒரு குழி தோண்டட்டும், குடிக்கட்டும், போகட்டும். அந்தக் குழி எங்க ஊரில்தான் என்று இரண்டு ஊர் அடித்துக்கொள்ளட்டும்.

பொங்கலுக்கு வந்தால் ஊற்றுக்குப் போவோம். அம்மாச்சியின் குடம் இன்னும் வீட்டில்தான் இருக்கு. அடியில் லேசாக ஒழுகும்.

உன் மாமன்