ஐரிஷ் டான்ஸ் பெற்றோர் சங்கம்: செயலாளரோட 2024–25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம்.

இங்கிலீஷ் அறிக்கைய ஆண்டுக் கூட்டத்துல வாசிச்சு ஒப்புதலும் வாங்கியாச்சு. ஆனா நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல நிறைய பேருக்கு அன்னிக்கு ஆஸ்பத்திரி ட்யூட்டி, வர முடியல, வந்தவங்களும் கூட்டம் முடிஞ்சதும் கார் பார்க்கிங்ல என்னை நிறுத்தி வச்சு "அக்கா, ஃபெஷ்னா என்ன, கிரேடுன்னா என்ன, எங்க பொண்ணு இப்போ எதுல இருக்கா"ன்னு கேட்டீங்க, அதான் தமிழ்லயும் ஒண்ணு எழுதிடலாம்னு. விஷயம் அதேதான், கொஞ்சம் வளவளன்னு இருக்கும், பொறுத்துக்கோங்க. கணக்கு இதுல இல்ல, பொருளாளர் தனியா அனுப்பிட்டாங்க, அதுல சந்தேகம்னா அவங்களக் கேளுங்க, என்னை விட்டுடுங்க.

முதல்ல சந்தோஷமான சேதி. நம்ம உதவி டீச்சர் இந்த வருஷம் டி.சி.ஆர்.ஜி., அதாவது முழு டீச்சர் ஆகறதுக்கான பரீட்சை, பாஸ் பண்ணிட்டாங்க. அது என்ன பெரிய விஷயம்னு கேக்கறவங்களுக்கு: ஐரிஷ் டான்ஸ் கமிஷன் நடத்துற கிரேடு பரீட்சை 12 இருக்கு, அது அத்தனையும் முடிச்சாத்தான் டீச்சர் பரீட்சைக்கே உக்கார முடியும். அதுல தானே ஆடிக் காட்டணும், பரீட்சை நடத்தறவங்க முன்னாடி பாடம் நடத்திக் காட்டணும், பாட்டைப் போட்டா இது ரீல், இது ஸ்லிப் ஜிக்னு தாள வகையச் சொல்லணும், அது போக கேலி டான்ஸ் (பல பேர் சேர்ந்து ஆடற ஐரிஷ் ஆட்டம், நம்ம ஊர் கேலி இல்ல) 30, எந்த ஜோடி எந்தப் பக்கம் போகணும்ங்கறது வரைக்கும் தலைகீழா தெரிஞ்சிருக்கணும். இதே ஹால்ல சின்னப் பொண்ணா சாக்ஸோட ஓடிட்டு இருந்தவங்க இப்போ நம்ம பிள்ளைங்களுக்கு முழு டீச்சர். கூட்டத்துல எல்லாரும் எழுந்து கை தட்டினோம்.

அவங்க வந்ததால பிகினர் வகுப்ப ரெண்டாப் பிரிக்க முடிஞ்சுது. முன்னாடி எல்லாம் ஒரே கும்பலா நிக்கும், பின்னாடி வரிசைல இருக்கற வாண்டுங்க என்ன பண்ணுதுன்னே தெரியாது. இப்போ வலது கால், இடது கால் தெரியாத குட்டீஸுக்கு ஷூவுல கலர் ஸ்டிக்கர் ஒட்டி சொல்லிக் குடுக்கறாங்க. இது புது டெக்னிக்னு நெனச்சோம், எங்க தலைவர் சிரிச்சாங்க. அந்தக் காலத்துல ஊர் ஊராப் போற டான்ஸ் மாஸ்டருங்க ஒரு பண்ணை வீட்டுல சில வாரம் தங்கி சுத்துவட்டாரத்துக்கே சொல்லிக் குடுப்பாங்களாம், இடது வலது தெரியாதவங்களுக்கு ஒரு கால்ல காஞ்ச புல்லும் இன்னொரு கால்ல வைக்கோலும் கட்டி விட்டு "இப்போ புல்லு, இப்போ வைக்கோல்"னு கத்துவாங்களாம். ஒவ்வொரு மாஸ்டருக்கும் தனி ஏரியா வேற, ஒருத்தர் ஏரியாவுல இன்னொருத்தர் போய் சொல்லிக் குடுக்க முடியாது.

பரதம் கத்துக்கற பிள்ளைங்க இதையும் சேர்த்துப் பண்ணலாமான்னு நிறைய பேர் கேட்டீங்க. தாராளமா பண்ணலாம், ஆனா முதல் ஆறு மாசம் கஷ்டப்படும். நம்மளுது அரைமண்டில கீழ உக்காந்து ஆடறது, இங்க உடம்பு மொத்தமும் மேல போகணும், சாஃப்ட் ஷூ ஆட்டத்துல குதிகால் தரையில படவே கூடாது. கைய வேற அசைக்க விடமாட்டாங்க, பாவம் அதுங்க முகத்துல பாவனை காட்டிட்டே கைய என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கும். தாளத்துல மட்டும் நம்ம பிள்ளைங்க கில்லி. ஸ்லிப் ஜிக் 9/8, ஒன்பதுன்னதும் சங்கீர்ணம்னு நெனச்சு 4, 5ன்னு பிரிச்சுடுச்சுங்க, இங்க அது 3, 3, 3. அத ஒரு தடவை சொன்னதும் புடிச்சுக்கிச்சுங்க, டீச்சருக்கே ஆச்சரியம்.

இன்னொரு கேள்வி, பிள்ளை மேல்நிலைக்குப் போகப் போக ஏன் பாட்ட ஸ்லோ ஆக்கறாங்கன்னு. பார்த்தா ஈஸியானதக் குடுக்கற மாதிரி இருக்கும், உண்மையில உல்டா. பிகினர் பிள்ளைங்க ட்ரெபிள் ஜிக்ங்கற ஆட்டத்த வேகமா ஆடும், ஓப்பன்ங்கற மேல் லெவல்ல நிமிஷத்துக்கு 73 பீட்தான், ஹார்ன்பைப்ங்கற இன்னொரு ஆட்டம் 113, அந்த ஸ்லோவுல ரெண்டு பீட்டுக்கு நடுவுல அத்தனை தட்டு தட்டி ரொப்பணும். வீட்டுல பிராக்டிஸுக்கு போன்ல ஸ்பீட் மாத்துற ஆப் இருக்கு, போட்டுக் குடுங்க, ஆனா அப்பார்ட்மெண்ட்ல தட்டி சத்தம் எழுப்பற ஹார்ட் ஷூ வேண்டாம், கீழ் வீட்டுக்காரங்க எனக்குப் போன் பண்றாங்க.

இப்போ ஃபெஷ். அதாவது போட்டி. இந்த வருஷம் சங்கத்துல பெரிய சண்டைன்னா ஒரு ரிசல்ட் ஷீட்டாலதான். ஒரு பொண்ணு சாம்பியன்ஷிப்ல ஒரு ஜட்ஜ் கிட்ட முதல் இடம், எந்த ஜட்ஜ் கிட்டயும் முதல் வராத இன்னொரு பொண்ணு கப் வாங்கிடுச்சு, அன்னிக்கு ராத்திரி வாட்ஸப் குரூப் பத்தி எரிஞ்சுது. அதனால இத ஒரு தடவை தெளிவா சொல்லிடறேன். ஜட்ஜ் போடற மார்க்க அப்படியே கூட்டமாட்டாங்க. ஒவ்வொரு ஜட்ஜும் போட்ட மார்க்க வச்சு ரேங்க் போட்டு, அந்த ரேங்க பாயிண்டா மாத்துவாங்க: முதல் இடம் 100, ரெண்டாவது 75, மூணாவது 65, நாலாவது 60, அஞ்சாவது 56, ஆறாவது 53, இப்படி இறங்கும். மூணு ஜட்ஜ் இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. ஒருத்தர் கிட்ட முதல், மத்த ரெண்டு பேர் கிட்ட நாலாவதுன்னா 100, 60, 60, மொத்தம் 220. மூணு பேர் கிட்டயும் ரெண்டாவது வந்தவங்களுக்கு 225. அவ்ளோதான் கதை, யாரும் யாரையும் ஏமாத்தல. முதல் இடத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல 25 பாயிண்ட் இருக்கறதால ஒரு ஜட்ஜுக்கு ரொம்ப புடிச்சுப் போனா பெரிய லாபம்தான், ஆனா அது மட்டும் பத்தாது. சின்ன கிரேடு போட்டியில ஒரே ஜட்ஜ்தான், அங்க இந்தக் கணக்கே கிடையாது.

யாரும் ஏமாத்தலன்னு எழுதினதும் சில பேர் 2022 பத்தி ஞாபகப்படுத்துவீங்க. ஆமா, அந்த வருஷம் டீச்சருங்களும் ஜட்ஜுங்களும் போட்டி முடிவ முன்கூட்டியே பேசி வச்சுக்கறாங்கன்னு குற்றச்சாட்டு பேப்பர்ல வந்து உலகம் முழுக்க நாறிடுச்சு, கமிஷன் ஒரு ரிட்டயர்ட் கோர்ட்டு ஜட்ஜ வச்சு விசாரிக்க வேண்டி வந்துச்சு. சின்ன உலகம் இது, டீச்சரே ஜட்ஜ், ஜட்ஜோட ஸ்டூடண்ட்டே டீச்சர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதுல இந்த மாதிரி சந்தேகம் வராம இருந்தாத்தான் அதிசயம். நம்ம கமிட்டி முடிவு பண்ணது ஒண்ணே ஒண்ணு: போட்டி நடக்கற நேரத்துல நம்ம பேரண்ட்ஸ் யாரும் எந்த ஜட்ஜுக்கும் மெசேஜ் பண்ணக் கூடாது, ஹாய்னு கூட. டீச்சருங்களும் இதுக்கு சரின்னு சொல்லிட்டாங்க.

போட்டியே வேண்டாம்னு நினைக்கற பிள்ளைங்களுக்கு கிரேடு பரீட்சை இருக்கவே இருக்கு. அதுல யாரோடயும் ஒப்பிட மாட்டாங்க, அது அது ஆடினதுக்கு மார்க். என்னோட சொந்த அபிப்ராயம், பாதிப் பிள்ளைங்களுக்கு அதுதான் நல்லது. மூணு ஃபெஷ்ல வரிசையா ஒண்ணும் வாங்காம வந்து நாலாவது மாசம் ஷூவத் தூக்கிப் போட்ட பிள்ளைங்கள நான் பார்த்திருக்கேன்.

பணம் செலவு பண்ண விஷயத்துல பெருசுன்னா ஹால் தரைதான். நம்ம வகுப்பு நடக்கற பாரிஷ் ஹால், அதான் சர்ச் ஹால், தரை பார்க்க பளபளன்னு இருக்கும், வினைலுக்கு அடியில முழுக்க கான்கிரீட். அதுல பிள்ளைங்க வாரம் முழுக்க குதிச்சா குதிகால் வலி வராம என்ன பண்ணும், வளர்ற வயசுல குதிகால் எலும்போட வளர்ச்சிப் பகுதி வீங்கிக்கறது டான்ஸ் பிள்ளைங்களுக்கு சகஜம்னு நம்ம பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒருத்தங்க கமிட்டிக்கு படம் போட்டு விளக்கினாங்க. இருக்கற காசுல புது டீம் டிரெஸ்ஸா, இல்ல ஸ்ப்ரிங் மாதிரி அமுங்கிக் குடுக்கற தரைப் பலகையான்னு கேள்வி. வாக்குவாதம் காரசாரமா போச்சு, பழைய டிரெஸ்ல மேடை ஏறினா மத்த ஸ்கூல்காரங்க முன்னாடி மானம் போகும்னு ஒரு கட்சி, டிரெஸ் காலக் காப்பாத்தாதுன்னு ஒரு கட்சி. ஓட்டுல தரை ஜெயிச்சுது. மடிச்சு வைக்கற பலகை வாங்கியாச்சு. வகுப்புக்கு முன்னாடி அத விரிக்கவும் அப்புறம் அடுக்கவும் அப்பாக்கள் வேணும், இப்போ ரெண்டே பேர்தான் முதுகு வலியோட பண்ணிட்டு இருக்காங்க.

டிரெஸ் விஷயத்துக்கு வரேன், ஏன்னா பிள்ளைங்க நின்னு போறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். பிகினருக்கு சாதா கிளாஸ் டிரெஸ், சோலோ டிரெஸ்ஸெல்லாம் மேல் லெவல்ல போனாத்தான். ஆனா அங்க போனதும் ஒரு டிரெஸ் புதுசா தைச்சா ஆயிரம் யூரோவத் தாண்டும், கல்லு வச்சா ரெண்டாயிரமும் தாண்டும், பிள்ளை ஒரே வருஷத்துல வளர்ந்துடும். அப்புறம் சுருட்டை விக், சாக்ஸ் கீழ இறங்காம ஒட்டற பசை, அது இது. விக் போட்டே ஆகணும்னு எந்த விதியும் இல்ல, சின்னப் பிள்ளைங்களுக்கு மேக்கப் கூடவே கூடாதுன்னு கமிஷனே சொல்லியிருக்கு. அதனால ரெண்டு பீரோ வாங்கி ஹால் ஸ்டோர் ரூம்ல வச்சு பழைய டிரெஸ், விக், ஹார்ட் ஷூ எல்லாத்தையும் சேர்க்க ஆரம்பிச்சோம். ஹார்ட் ஷூவோட ஃபைபர் கிளாஸ் முனை தேயறதுக்குள்ள பிள்ளையோட கால் வளர்ந்துடும், அதனால அது கைமாறிட்டே இருக்கும். சாஃப்ட் ஷூ மட்டும் காலோட ஒட்டி இருக்கணும், அத அவங்கவங்க வாங்கிக்கோங்க. பீரோவுல இருந்து எடுக்கறதுக்கு வெக்கப்பட வேண்டாம், என் பொண்ணு ஆடறதே அதுலதான்.

டீம் டான்ஸ் இந்த வருஷம் நல்லாப் போச்சு. ஜி.ஏ.ஏ.ன்னு ஐரிஷ் விளையாட்டுச் சங்கம் நடத்துற ஸ்கோர் நா நோக் கலைப் போட்டி, 17 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு, அதுல நம்ம பக்கத்து கிளப்புக்காக எட்டுப் பிள்ளைங்க ஃபிகர் டான்ஸ் ஆடினாங்க. ஃபுட்பால் கிளப்புக்கும் டான்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ஸ்கோர் 1969ல ஆரம்பிச்சதே குளிர்காலத்துல மேட்ச் இல்லாத நேரத்துல கிளப்புல பாட்டு, டான்ஸ், கதை சொல்றதுன்னு எதாவது நடக்கட்டும்னுதான். ஜெயிக்கல. ஆனா அதுக்கு முந்தின வருஷம் டான்ஸே வேண்டாம்னு சொல்லிட்டு இருந்த மூணு டீனேஜ் பொண்ணுங்க இதுக்காகவே ஒரு பிராக்டிஸ் விடாம வந்தாங்க. தனியா மேடையில நிக்க பயப்படற வயசுல, எட்டுப் பேர் கை கோத்து நின்னா பயம் போயிடுது. இதுக்கு மேல எதுக்கு கப்பு.

மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தின பரேடுக்கு மழையில நனைஞ்சோம், வழக்கம் போல. ஆகஸ்ட்ல வெக்ஸ்ஃபர்ட்ல நடந்த ஃப்ளா கியோல்ங்கற ஐரிஷ் இசை விழாவுக்கு ஒரு பஸ் எடுத்துப் போனோம், நம்ம பிள்ளைங்க முதல் தடவையா ஷான் நோஸ் டான்ஸ நேர்ல பார்த்தாங்க. கொனமாரா பக்கத்து ஆட்டம், கால் தரையோட ஒட்டியே இருக்கும், கை அது பாட்டுக்கு ஆடும், டிரெஸ்ஸும் கிடையாது விக்கும் கிடையாது, சாதா பேண்ட் சட்டையில ஒரு பெரியவர் நடுத்தெருவுல ஆடறார். "அப்போ எங்களுக்கு மட்டும் ஏன் கைய அசைக்கக் கூடாது"ன்னு பஸ்ல வர வழியெல்லாம் கேள்வி, டீச்சர் தூங்கற மாதிரி நடிச்சாங்க.

கேலி நைட்டுக்கு ஹால் நிறைஞ்சுது. வால்ஸ் ஆஃப் லிமரிக்ல ஆரம்பிச்சோம், ரெண்டு ஜோடி எதிர் எதிரா நின்னு ஆடி முடிச்சு அடுத்த ஜோடிக்கு நகர்ந்துட்டே இருக்கறதால ஒரு பாட்டு முடியறதுக்குள்ள பாதி ஹாலுக்குக் கை குடுத்துடுவீங்க. புதுசா ஊருக்கு வந்த குடும்பத்துக்கு இத விட நல்ல அறிமுகம் கிடையாது. நம்ம ஆளுங்க சில பேர் போன்ல வீடியோ எடுக்கற சாக்குல சுவரோட ஒட்டி நின்னாங்க, அடுத்த வருஷம் வாசல்லயே போன் வாங்கி வச்சுடுவோம். டீ பிரேக்ல எங்க மூத்த மெம்பர் ஒருத்தர் 1935 சட்டம் பத்தி சொன்னார், பொது ஹால்ல டான்ஸ் நடத்த கோர்ட்டு லைசன்ஸ் வேணும்னு கொண்டு வந்ததாம், சர்ச்சோட ஆதரவு வேற, அதச் சாக்கா வச்சு வீட்டுச் சமையல்கட்டுல ஆடினதையும் நாலு ரோடு கூடற இடத்துல ஆடினதையும் கூட அடக்கிட்டாங்களாம். அதே சர்ச்சோட ஹால்லதான் நாம இப்போ ஆடறோம்னு சொல்லி அவரே சிரிச்சுக்கிட்டார்.

பசங்க இன்னும் கம்மிதான். 1994 யூரோவிஷன் பாட்டுப் போட்டி இடைவேளையில மைக்கேல் ஃப்ளாட்லியும் ஜீன் பட்லரும் ஆடினதுக்கு அப்புறம் நாடு முழுக்க வகுப்புங்க நிரம்பி வழிஞ்சுதுன்னு சொல்வாங்க, நம்ம ஹால்ல அந்த அலை பசங்க பக்கம் அடிக்கல போல. பையன் இருக்கறவங்க ஒரு தடவை ஹார்ட் ஷூ வகுப்புக்குக் கூட்டிட்டு வாங்க, அந்த சத்தத்தக் கேட்டா அவனே நிப்பான்.

கடைசியா வேலை விஷயம். வகுப்புக்குள்ள உதவிக்கு வர்ற எல்லாப் பேரண்ட்ஸும் கார்டா வெட்டிங், அதாவது போலீஸ் பின்னணிச் சோதனை, முடிச்சிருக்கணும், வழக்கமா பிள்ளைங்களோட வேலை செய்யறவங்களுக்கு இது சட்டம், "நான் சும்மா தலை பின்னி விடத்தான் வரேன்"னாலும் எங்க சங்கத்துல வேணும்னுதான் வச்சிருக்கோம். ஃபார்ம் எங்கிட்ட இருக்கு. மத்தவங்க பிள்ளைங்க இருக்கற வீடியோவ அவங்களக் கேக்காம எங்கயும் போடாதீங்க. தலைவரும் பொருளாளரும் அதே பதவியில தொடர்றாங்க, டிரெஸ் பீரோ பொறுப்பு காலியா இருக்கு, யாராவது கை தூக்குங்க. புது டெர்ம் ஃபீஸ் முதல் வகுப்பு அன்னிக்கே கட்டிடுங்க, ஹால் வாடகை முன்பணமா கேக்கறாங்க.

இப்படிக்கு,
செயலாளர்