முடி நேராக்கற செய்தி பத்தி ஒரு சுருட்டை முடிக்காரி எழுதறது

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல 'முடியை நேராக்கினால் புற்றுநோய்'னு ஒரு செய்தி வந்துச்சு, மொத்தமே எட்டு வரி இருக்கும், பக்கத்துல ஒரு பொண்ணு கரண்ட்ல ஓடற அயர்னிங் மெஷின வெச்சு முடிய இழுத்துக்கிட்டு நிக்கற படம். அன்னைக்கு சாயங்காலமே எங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடி அக்கா அவங்க மெஷின தூக்கி பரண்ல போட்டுட்டாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை பார்லர்ல கெரட்டின் பண்ண, அதாவது க்ரீம் தடவி முடிய நேராக்கிக்க, வாங்கி வெச்ச அப்பாயின்ட்மென்ட்ட மட்டும் கேன்சல் பண்ணல. ஏன்க்கான்னு கேட்டா "அது க்ரீம்தானே, மெஷின்தான் கேன்சராம், பேப்பர்லயே போட்ருக்கான்"ங்கறாங்க. படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கன்னு கேக்கத்தான் எழுத உட்காந்தேன், எழுத எழுத நீண்டுருச்சு, வெட்டறத நீங்க பாத்துக்கங்க.

அந்த செய்தி அமெரிக்காவுல 2022 அக்டோபர்ல வந்த ஒரு ஆய்வு. 33,497 பொம்பளைங்கள கிட்டத்தட்ட 11 வருஷம் தொடர்ந்து பாத்துருக்காங்க, அதுல 378 பேருக்கு கர்ப்பப்பை புற்றுநோய் வந்துருக்கு. முடி நேராக்கற க்ரீம், மருந்து மாதிரி சாமான் எதுவும் தொடாதவங்கள்ல 70 வயசுக்குள்ள இந்த நோய் வர்றதுக்கான வாய்ப்பு 100க்கு 1.64, வருஷத்துக்கு 4 தடவைக்கு மேல போட்டுக்கிட்டவங்கள்ல 4.05. இதுனாலதான் அது வந்துச்சுன்னு அவங்க அடிச்சு சொல்லல, ரெண்டும் சேந்து போகுதுன்னு சொல்றாங்க. யார் என்ன பிராண்டு போட்டாங்க, அதுக்குள்ள என்ன இருந்துச்சுங்கற கணக்கும் அதுல எடுக்கல. நேராக்கற சாமான் போட்டேன்னு சொன்னவங்கள்ல சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பின பொம்பளைங்க. உங்க எட்டு வரியில இது ஒண்ணுமே இல்ல சார், கறுப்பினங்கற வார்த்தையே இல்ல, ஆனா கதையே அவங்களோடதுதான்.

அவங்க போடறது ரிலாக்சர்ங்கற நேராக்கற க்ரீம். அதுல பலதுல சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும், நம்ம ஊர்ல காஸ்டிக் சோடான்னு சொல்றது, சோப்பு காய்ச்ச வாங்குவாங்கல்ல அதேதான். தலைத்தோல் வெந்து போகாம இருக்க முதல்ல வாசலின தடவிட்டு அப்பறம் க்ரீம போடுவாங்க, எரிய ஆரம்பிச்சும் 'இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கிட்டா நல்லா படியும்'னு பொறுத்துக்கிட்டு உட்காந்துருப்பாங்க. ஆறேழு வயசு பிள்ளைங்களுக்கே வீட்ல போட்டு விடுவாங்களாம். அழகுக்கு மட்டும்னா கூட பரவால்ல, சொந்த முடியோட போனா வேலை கெடைக்காத நெலமை. அலபாமாவுல ஒரு பொண்ணுக்கு 2010ல குடுத்த வேலைய அவங்க சடாமுடிய வெட்ட மாட்டேன்னு சொன்னதுக்காக திருப்பி எடுத்துட்டாங்க, 2016ல அப்பீல் கோர்ட்டும் கம்பெனி பக்கமே சொல்லிருச்சு. முடிய வெச்சு வேலையிலயும் ஸ்கூல்லயும் ஒதுக்கக் கூடாதுன்னு கலிஃபோர்னியா 2019ல முதல்ல சட்டம் போட்டுச்சு, கிரவுன் சட்டம்னு பேரு, அதுக்கப்பறம் நெறைய மாநிலம் போட்டுருச்சு. ரிலாக்சர விட்டுட்டு சொந்த முடிக்கு திரும்பறதுக்கு அங்க ஒரு பெரிய அலையே அடிச்சுது, ரிலாக்சர் விற்பனையே படுத்துருச்சு. கம்பெனிங்க மேல போட்ட கேஸ்ல பெரும்பாலானத இப்ப சிகாகோ கோர்ட்ல ஒண்ணா சேத்து நடத்தறாங்க.

ஒரு சின்ன விஷயம், இது நீங்க வெட்டினாலும் பரவால்ல. இந்த நேராக்கற க்ரீம அங்க ஆரம்ப காலத்துல வித்தவர்ல ஒருத்தர் காரெட் மோர்கன்னு ஒரு கறுப்பினக்காரர், தையல் மெஷின் ரிப்பேர் பாக்கறவரு. ஊசி சூடாகி துணிய கருக்குதேன்னு ஒரு மருந்து கலக்கிருக்காரு, கைய தொடச்ச கம்பளித்துணில இருந்த சுருள் எல்லாம் நேராயிருச்சாம், பக்கத்து வீட்டு நாய் மேல போட்டு பாத்துட்டு அப்பறம் தன் தலையிலயே போட்டுக்கிட்டாருன்னு சொல்வாங்க. 1913ல கம்பெனியே தொடங்கிட்டாரு. இதே மனுஷன்தான் 1923ல ட்ராஃபிக் சிக்னலுக்கும் பேடன்ட் வாங்கினவரு.

சரி நம்ம ஊருக்கு வர்றேன். நம்ம பார்லர்ல போடறது பெரும்பாலும் காஸ்டிக் சோடா இல்ல, அதுனால அந்த ஆய்வு நமக்கு இல்லன்னு மூணாவது மாடி அக்கா மாதிரி நிம்மதியா இருந்துறவும் முடியாது. நான் பிளஸ் டூக்கு கெமிஸ்ட்ரி எடுக்கறவ, அதுனால கொஞ்சம் பொறுத்துக்கங்க. முடியில கந்தகப் பிணைப்பு இருக்கு, டைசல்ஃபைடு பாண்ட்னு புக்ல இருக்கும், முடி சுருளா நிக்கறதுல அதுக்கு பெரிய பங்கு. நம்ம பார்லர்ல பண்ற ரீபாண்டிங், ஸ்மூத்தனிங்ல தயோகிளைகாலேட்னு ஒரு மருந்து அத உடைக்கும், பொண்ணுங்க "அழுகின முட்டை நாத்தம்"னு சொல்றது இதத்தான், அப்பறம் மெஷின்ல தேச்சு நேராக்கிட்டு நியூட்ரலைசர்னு ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு நேரா இருக்கற நெலமையிலயே திருப்பி கட்டிருவாங்க. ரிலாக்சர் அந்த பிணைப்ப வேற மாதிரி மாத்திரும், திரும்ப பழையபடி கட்டவே முடியாது. ஒண்ணு போட்ட முடி மேல இன்னொண்ண போட்டா முடி கையோட வந்துரும். கெரட்டின், பிரெசிலியன்னு சொல்றது இன்னொரு வகை, அதுல பல க்ரீம்ல ஃபார்மால்டிஹைடு இருக்கும், இல்லன்னா சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைட விடற சாமான் இருக்கும், காலேஜ் லேப்ல தவளைய ஊறப்போட்டு வெச்சிருப்பாங்களே அந்த ஃபார்மலின் நாத்தம், கண்ணுல தண்ணி வரும். அது மனுஷனுக்கு புற்றுநோய் தர்ற பொருள்தான்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமே 2004ல சொல்லிருச்சு. முடி நேராக்கற சாமான்ல அத தடை பண்ணப்போறோம்னு அமெரிக்க அரசு 2023ல அறிவிச்சுது, அப்பறம் தேதிய தள்ளிக்கிட்டே போனாங்க.

'ஃபார்மால்டிஹைடு இல்லாதது'ன்னு இப்ப புதுசா வர்றதுல பலதுல கிளையாக்சிலிக் ஆசிட். 2024ல டாக்டருங்க ஒரு கேஸ் எழுதிருந்தாங்க, 26 வயசு பொண்ணு, 2020ல இருந்து 2022க்குள்ள மூணு தடவை பார்லர் போயிருக்கு, மூணு தடவையும் வாந்தி, காய்ச்சல், முதுகு வலி, தலையில புண்ணு, டெஸ்ட் எடுத்தா கிட்னி அடி வாங்கிருக்கு. க்ரீம்ல 10 சதவீதம் அந்த ஆசிட். இஸ்ரேல்லயும் முடி நேராக்கினதுக்கு அப்பறம் கிட்னி பாதிச்ச 26 பேர பத்தி டாக்டருங்க எழுதிருக்காங்க. அதுனால உங்க செய்தில போட வேண்டிய படம் மெஷின் இல்ல சார், க்ரீம் டப்பா.

இவ்வளவு பேசறேன்ல, நானே போட்டுக்கிட்டவதான். 2011ல என் கல்யாணத்துக்கு 15 நாள் முன்னாடி, 4,500 ரூபா. எங்க அப்பத்தா "கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்டி"ன்னு வாசல்ல நின்னு கத்துச்சு, ஊர் பழமொழியே நம்ம பக்கம்தான் இருந்துருக்கு, நமக்குத்தான் கேக்கல. ஸ்கூல்ல குருவிக்கூடு, தேங்கா நாருன்னு பேர் வாங்கினவளுக்கு பழமொழி எல்லாம் எங்க ஏறும். ஆறு மணி நேரம் உட்கார வெச்சு, மூணு நாளைக்கு தலை குளிக்கக் கூடாது, கட்டக் கூடாது, காதுக்கு பின்னாடி ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க. என்ன மருந்துன்னு நான் கேக்கவே இல்ல. போர்டுல டைசல்ஃபைடு பாண்ட் வரையறவ, என் தலையில எது எத உடைக்குதுன்னு கேக்கல பாருங்க.

கல்யாணத்தன்னைக்கு என்ன ஆச்சுன்னா முடி வழுக்குது, சவுரி நிக்கல, ஜடை பின்ன பின்ன அவுந்துக்குது, மல்லிப்பூ வெச்சா சரிஞ்சு தோளுக்கு வந்துருது. எத்தனை ஊசி குத்தினாங்கன்னு எண்ணல. இதுல பெரிய கூத்து, சாயங்காலம் ரிசப்ஷனுக்கு அதே பார்லர்காரங்க முன்னாடி முடிய எடுத்து சூடு பண்ணி சுருட்டி விட்டாங்க! அதுக்கு தனியா 800 ரூபா.

அதுக்கப்பறம்தான் நெஜ செலவு. முடி மாசத்துக்கு அரை இன்ச் வளரும், ஆறு மாசத்துல மேல மூணு இன்ச் சுருட்டை, கீழ ஈர்க்குச்சி மாதிரி நேரா. டச்சப்புக்கு போ, திரும்ப போ. 2013ல பொண்ணு பொறந்தா, குழந்தை பெத்ததுக்கு கொட்டினது பாதின்னா மேல சுருட்டையும் கீழ நேரும் சேர்ற எடத்துல ஒடிஞ்சது மீதி. விட்டுட்டு சொந்த முடியவே வளத்துக்கலாம்னா இடுப்பு வரைக்கும் இருக்கற முடி, 30 இன்ச், கணக்கு போட்டு பாத்தா அஞ்சு வருஷம். அமெரிக்காவுல இத ஒரே வெட்டா வெட்டி எறியறத பெரிய வெட்டுன்னு பேர் வெச்சு அழுதுக்கிட்டே வீடியோ போடுவாங்க. நமக்கு அதுக்கு பழனி இருக்கு. 2016ல பொண்ணுக்கு மூணு வயசு மொட்டை, காதுகுத்து, எல்லாரும் படி ஏறி போனோம், பிள்ளைக்கு முடிச்சதும் நானும் போயி உட்காந்துட்டேன். முடி எறக்கறவரு "பூ முடியாம்மா?"ன்னு கேட்டாரு, முழுசாண்ணேன்னு சொன்னதும் எங்க மாமியார் கண் கலங்கிட்டாங்க, "எம் மருமகளுக்கு முருகன் மேல என்ன பக்தி"ன்னு இன்னைக்கு வரைக்கும் சொந்தக்காரங்க கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காங்க. நான் மறுத்து ஒண்ணும் சொல்லல, முருகனுக்கு தெரியும்.

கோயில்ல எறக்கற முடிய ஏலம் விடறாங்கல்ல, திருப்பதியில வருஷத்துக்கு 100 கோடிக்கு மேல போகுது, அதுல நீளமா நல்லா இருக்கறது தரம் பிரிச்சு வெளிநாட்டுக்கு போயி விக்காவும் முடியோட சேத்து தைக்கற சரமாவும் ஆகுது. அமெரிக்காவுல அத 'இந்தியன் ஹேர்'னு காசு குடுத்து வாங்கறதுல கறுப்பின பொம்பளைங்க நெறைய. நம்ம முடி எறக்கி, அங்க அவங்க சொந்த முடிய மறைக்க போயி, இங்க நம்ம அதே மாதிரி நேரா வேணும்னு மருந்து தேச்சுக்கிட்டு இருக்கோம். என் முடிய யாரும் எடுத்துருக்க மாட்டாங்க, மருந்து பட்ட முடிக்கு அங்க வெல கம்மி.

சுருட்டைய அப்படியே வெச்சுக்கறது சும்மா வர்றதுன்னும் நான் சொல்ல மாட்டேன். எங்க ஏரியா போர் தண்ணி உப்பு, தலை குளிச்சா முடி விறகு மாதிரி ஆயிரும், கடைசி சொம்புக்கு கேன் தண்ணி ஊத்தறேன், வீட்ல திட்டு விழுது. ஈரத்துலயே கையால சிக்கெடுத்து வெச்சுக்கணும், காஞ்சப்பறம் சீப்ப வெச்சா போச்சு, மழை நாள்ல ஒரு ரூபம் வெயில் நாள்ல ஒரு ரூபம். ஒருத்தி இதெல்லாம் என்னால முடியாது, ஆறு மாசத்துக்கு ஒருக்கா மருந்து போட்டுக்கறேன்னு தெரிஞ்சு முடிவு பண்ணா அது அவ தலை. 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்ங்கறேன், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல.

இன்னொன்னும் ஒத்துக்கணும். "எண்ணெய் வெச்சு படிய சீவி ரெட்டை ஜடை போட்டுட்டு வா, இது என்ன தலையா"ன்னு எங்க ஸ்கூல்ல ஒரு பிளஸ் ஒன் பிள்ளைய நானே பிரேயர்ல வெச்சு கேட்ருக்கேன். என் தலைய அன்னைக்கு கொண்டைக்குள்ள அமுக்கி வெச்சிருந்தேன். அடுத்த லீவு முடிஞ்சு அந்த பிள்ளை கெரட்டின் பண்ணிக்கிட்டு வந்து நின்னுச்சு. நல்லா இருக்குன்னு வேற சொன்னேன்.

உங்க கிட்ட கேக்கறது ரெண்டுதான். படத்த திருத்துங்க. அடுத்த தடவை பெண்கள் பக்கத்துல 'பளபளக்கும் கூந்தலுக்கு'ன்னு ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின், போடாக்ஸ், நானோபிளாஸ்டியான்னு வரிசையா போடும்போது ஒவ்வொண்ணுலயும் என்ன மருந்துன்னு ஒரு வரி சேத்து போடுங்க, பேரு மட்டும் வருஷா வருஷம் மாறுது, உள்ள இருக்கறத யாரும் சொல்றது இல்ல. அந்த கேன்சர் செய்திக்கு நேர் கீழ ஒரு பார்லர் விளம்பரம் 40 சதவீதம் தள்ளுபடின்னு இருந்துச்சே, அது உங்க கண்ணுலயும் பட்டுருக்கும்.

இத எழுத இன்னொரு காரணம் என் பொண்ணு. என் முடி அப்படியே அவளுக்கு. எட்டாவது முடிச்ச கையோட "நீ பண்ணிக்கிட்டல்ல, நான் பண்ணா மட்டும் என்ன"ன்னு ஆரம்பிச்சா, பதில் சொல்ல முடியல. சரி வா, பண்ண வேண்டாம், போயி என்ன மருந்துன்னு மட்டும் கேட்டுட்டு வருவோம்னு கூட்டிட்டு போனேன். அவதான் கேட்டா. அங்க இருந்த பொண்ணு "பிரெசிலியன்மா"ன்னுச்சு. "அது நாட்டு பேருக்கா, மருந்து பேரு என்ன"ன்னா இவ. அந்த பொண்ணு உள்ள போயி டப்பாவையே எடுத்துட்டு வந்து காமிச்சுது, பாவம் ஒளிக்கல. லேபிள் இல்லாத வெள்ளை டப்பா, மூடி மேல ஸ்கெட்ச்ல 2ன்னு எழுதிருக்கு. பெரிய கேன்ல இருந்து ஊத்தி வெச்சதாம், ஓனருக்குத்தான் தெரியுமாம், ஓனர் வந்ததும் போன் பண்றேன்னு எங்க நம்பர வாங்கி வெச்சுக்கிட்டுச்சு.

மூணு வாரம் ஆச்சு, ஓனர் இன்னும் வரல.

இப்படிக்கு,
ஒரு சுருட்டை முடிக்காரி,
மதுரை.