குரல் சேவையை மூடாதீர்கள்: விவசாயச் செயலி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு விவசாயிகளுக்கான டிஜிட்டல் சேவைகளை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்குபவர்களுக்கும்,

வணக்கம். பட்டன் போனில் கூப்பிட்டுப் பயிர் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்த சேவையை நிறுத்தப்போவதாகவும், இனி எல்லாம் செயலியில்தான் என்றும் போன வாரம் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தீர்கள். பின்னணி உங்களுக்கே தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து அதை மூடாதீர்கள்.

செயலிக்குள் போக ஓடிபி வேண்டும். எங்கள் பக்கத்து வயல் அக்காவின் பெயரில் பதிவான எண் வெளியூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது. அவன் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து எண்ணைச் சொல்வதற்குள் ஓடிபி காலாவதி ஆகிவிடுகிறது. மறுபடி கேட்டால் மறுபடியும் அதே கதை. கடைசியில் யாரோ ஒரு பையனின் போனை வாங்கிக் கணக்குத் திறந்து, புள்ளி விழுந்த இலையைப் படம் எடுத்தால் வயலில் சிக்னல் இல்லை. வரப்பு வழியே சாலைக்கு வந்து படத்தை ஏற்றினால், 'படம் தெளிவாக இல்லை, மீண்டும் எடுக்கவும்' என்கிறது. திரும்பவும் வயலுக்கு நடை. பழைய சேவையில் எதிர்முனையில் இருப்பவர், "இலையைத் திருப்பிப் பாருங்கம்மா, அடியில வெள்ளையா பூசணம் மாதிரி இருக்கா, இல்ல வெறும் பழுப்புப் புள்ளிதானா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா, சாதாரண போனிலேயே பணம் அனுப்ப வழி செய்தது. எத்தியோப்பியாவில் 2014 முதல் விவசாயிகள் 8028 என்ற எண்ணைக் கூப்பிட்டுத் தங்கள் மொழியிலேயே ஆலோசனை கேட்கிறார்கள். மரவள்ளி இலையைப் பார்த்து நோய் சொல்லும் நூரு செயலி இணையமே இல்லாமல் வேலை செய்கிறது. செய்ய முடியும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். அப்புறம் ஏன் எங்களிடம் மட்டும் ஸ்மார்ட்போன் வாங்கு, டேட்டா போடு, ஓடிபி கொடு என்று கேட்கிறீர்கள்?

உலகின் பண்ணைகளில் சுமார் 84 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. உலக உணவில் ஏறக்குறைய 35 சதவீதம் அந்த நிலங்களிலிருந்துதான் வருகிறது. அங்கே உழைப்பவர்களில் பெண்கள் ஏராளம். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பதில்லை. இது உங்கள் ஆய்வறிக்கைகளிலேயே இருக்கும். ஆனாலும் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்றுதான் எண்ணுகிறீர்கள், எத்தனை பேருடைய பயிர் பிழைத்தது என்று யாரும் எண்ணுவதில்லை. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நிலத்தின் அளவு, பயிர், கடன் என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள், அது யாரிடம் போகிறது என்று சொல்வதில்லை. நோய்க்கு வழி கேட்டால் மருந்து விளம்பரம் முதலில் வருகிறது. எங்கள் அவசரத்தை யாரோ விற்றுக் காசாக்குகிறார்களோ என்று சந்தேகம் வந்தால் அதில் எங்கள் தப்பு என்ன?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். செயலி இருக்கட்டும், வசதி உள்ளவர்கள் பயன்படுத்தட்டும். ஆனால் எந்த போனிலிருந்தும் கூப்பிட்டு, ஓடிபி இல்லாமல், எங்கள் மொழியில் ஒரு மனிதரிடம் பேசும் வழியை மூடாதீர்கள். மாற்றம் செய்தே ஆக வேண்டும் என்றால், பட்டன் போன் வைத்திருக்கும் விவசாயிகளை, முக்கியமாகப் பெண்களை, கூப்பிட்டுக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதுவரை நிறுத்தும் உத்தரவைத் தள்ளிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பதிலையும் செயலியில் மட்டும் போடாமல், அதே எண்ணில் கூப்பிட்டால் கேட்கும்படி குரலாகப் பதிவுசெய்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சேவையைப் பயன்படுத்தி வரும் ஒரு சிறு விவசாயி