சாத்தனூருக்கு மேலேயும் கீழேயும்

கடலூர்
அக்டோபர் 2025

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் நாலு பக்கம் கையால் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப உன்னால்தான் முடியும். அண்ணனுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறாய். ஊசி, மாத்திரை எல்லாம் அப்புறம், முதலில் காலையில் கொஞ்சம் நடக்கச் சொல். இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் புதுச்சேரியில் ரெயின்போ நகர் வீட்டைக் காலி செய்துவிட்டு லாஸ்பேட்டைக்குப் போய்விட்டாள். இந்த முறை மாடி வீடு. காரணம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பத்து நாடு கூடிக் காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது, டீ குடித்துவிட்டுக் கலைவார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில், பேரன் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறான், குறிப்பு எழுதி அனுப்பு என்றும் கேட்டிருக்கிறாய். பூகோளம் நடத்தியவளிடம் கேட்டால் நாலு வரியில் முடியுமா? பொறுமையாகப் படி.

முதலில் அந்த டீ விஷயம். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உருவாகிற புயல்களுக்காக 1972-இல் ஒரு குழு அமைத்தார்கள். உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையமும் சேர்ந்து ஏற்படுத்தியது. இப்போது அதில் 13 நாடுகள். டெல்லியில் இருக்கிற நம் வானிலைத் துறை மையம்தான் அத்தனை நாடுகளுக்கும் புயல் தகவல் கொடுக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் இருக்கிற தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாடு 2014-க்குப் பிறகு நடக்கவே இல்லை. இந்தப் புயல் குழு மட்டும் நின்றுவிடவில்லை, அந்த இரண்டு நாடுகளும் இன்றுவரை அதில் உறுப்பினர்கள். புயலுக்குப் பெயர் வைப்பதும் முறைபோட்டுத்தான். 2011 டிசம்பர் 30 அன்று பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததே தானே, அது மியான்மர் கொடுத்த பெயர். நிலம் பாகிஸ்தான் கொடுத்தது. நிவர் ஈரான், மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம், போன வருஷத்து ஃபெஞ்சல் சவுதி அரேபியா. யார் யாரோ பெயர் வைக்கிறார்கள், வந்து இறங்குவது என்னவோ நம் கரையில்!

இந்தப் பேச்சுவார்த்தைக்குப் பலன் இல்லாமல் இல்லை. 1970-இல் இப்போதைய வங்கதேசக் கரையில் ஒரே புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் செத்துப்போனார்கள். அதே கரையில் 2020-இல் ஆம்பன் வந்தபோது சாவு சில பத்துகளோடு நின்றது. வானிலைக் கணிப்பு முன்னேறியது ஒரு காரணம். ஆனால் கணிப்பை வாசல்வரை கொண்டுபோக அங்கே ஆள் இருக்கிறார்கள் பார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அரசும், செஞ்சிலுவைச் சங்கம் மாதிரியான செம்பிறைச் சங்கமும் சேர்ந்து நடத்துகிற தொண்டர் படையில் 76,000 பேர், அதில் பாதி பெண்கள். ஆபத்து ஏற ஏற ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என்று ஏற்றுவார்கள். கையில் மெகாபோன் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். முன்பு பெண்கள் இந்த வேலையில் அதிகம் இல்லை. 1991 புயலில் செத்தவர்களில் பெண்களே மிக அதிகம். ஆம்பளைகள் வெளியே கேட்ட சேதி வீட்டுக்குள் வந்து சேரவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பிறகு மாற்றினார்கள்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். போன நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. ஏறியது நகர்ந்து போகவேண்டாமா? அப்படியே உட்கார்ந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. மகள் வீட்டில் ஃபிரிட்ஜ் மிதந்தது. கடல் சூடேறினால் இப்படி நடக்கும் என்று நாம் வகுப்பில் சொன்னதுதான். ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலாக ஈரம் சுமக்கும், சுமந்ததை எங்காவது இறக்கித்தானே ஆகவேண்டும். மிச்சத்தை உன் ஊரில் இறக்கியது. ஊத்தங்கரையில் 50 செ.மீ. பஸ் நிலையத்துப் பக்கம் வேனும் காரும் உருண்டு போனதை டிவியில் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், லைனே கிடைக்கவில்லை.

உங்கள் தெருவில் வடிந்ததும் நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பாம்பாற்றில் விழுந்து, தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்கு. டிசம்பர் 2 விடிகாலை சாத்தனூரில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் குடியிருப்பவர்கள் நாங்கள். இக்கரையில் குண்டு உப்பலவாடி, தாழங்குடா, அக்கரையில் புதுச்சேரிக்குச் சேர்ந்த பாகூர் பக்கத்துச் சோரியாங்குப்பம், எல்லாம் தண்ணீரில் நின்றன. நீ துடைப்பத்தால் தள்ளிய தண்ணீர் என் தங்கை வீட்டுக்குள் வந்தது என்று வைத்துக்கொள்ளேன்.

எச்சரிக்கையே வரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள், நான் அப்படிச் சொல்லமாட்டேன். வந்தது. டிவியில் ஓடியது, வாட்ஸாப்பில் ஓடியது. ஆனால் எல்லாம் கன அடியில். தங்கை தெருவில் மீன் விற்கிற அம்மாவுக்கு 1,68,000 கன அடி என்றால் என்ன புரியும்? பூகோளம் படித்த எனக்கே அது வெறும் பெரிய எண். வாசற்படி வரையா, ஜன்னல் வரையா, இருட்டுவதற்கு முன்னாலா பின்னாலா, மாட்டை எங்கே கட்டுவது, இதுதான் அவர்களுக்கு வேண்டியது. முன்பு ஒரு வெள்ளத்தில் முழங்கால் அளவு வந்தது, இப்போதும் அவ்வளவுதான் வரும் என்று கட்டிலுக்கு நாலு பக்கமும் இரண்டிரண்டு செங்கல் வைத்து, மேலே அரிசி மூட்டையையும் துணி டிரங்குப் பெட்டியையும் ஏற்றிவிட்டுப் பல பேர் இருந்திருக்கிறார்கள். தங்கை வீட்டில் கட்டிலே தெரியவில்லை. ரேஷன் கார்டையும் பட்டாவையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணில் வைத்திருந்தாள், அது மட்டும் மிஞ்சியது.

பார், சவுதி அரேபியாவிலிருந்து பெயர் நேரத்துக்கு வந்துவிடுகிறது. சாத்தனூரிலிருந்து தாழங்குடாவுக்குச் சேதி வருவதில்தான் இடறல். இந்த ஆறு நந்தி மலையில் பிறந்து கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி என்று மூன்று அரசுகளுக்குள் ஓடுகிறது. தண்ணீர் குறைவான காலத்தில் உச்ச நீதிமன்றம்வரை போய் வாதாடுகிறோம். வெள்ளக் காலத்தில் மேலே எவ்வளவு பெய்தது, அது கீழே எந்தத் தெருவை எப்போது தொடும் என்று எல்லாரும் ஒரே கணக்கைப் பார்க்கிறார்களா? அணையைத் திறப்பது ஒருவர், சோரியாங்குப்பத்துக்குச் சேதி சொல்ல வேண்டியது இன்னொருவர். பிராந்திய ஒத்துழைப்பு என்றதும் நாம் காத்மாண்டு, பாங்காக் என்று யோசிக்கிறோம், எனக்கென்னவோ அது பாகூரிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

நல்லவாடு கதையைப் பேரன் கட்டாயம் சொல்லவேண்டும். கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிற மீனவக் கிராமம். 1998-இலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்தது உனக்கு நினைவிருக்கிறதா? வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கட்டுமரம் தள்ளலாமா வேண்டாமா என்று கரையில் நின்றபடியே கேட்டு முடிவெடுப்பார்கள். அப்போது இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம், அதிலும் ஒலிபெருக்கி. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் ஒருவன் சுமத்ராவில் நிலநடுக்கம் என்று டிவியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டான். கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்றாள் அக்கா தங்கை யாரோ. ஓடு, மற்றவர்களையும் ஓடச் சொல் என்றான். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். ஊரில் சுமார் 3,600 பேர். படகும் வலையும் வீடும் போயின, ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதே காலையில் கடலூர்க் கரை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், தேவனாம்பட்டினம் பக்கம் நாம் போய்ப் பார்த்ததை நான் எழுதமாட்டேன்.

அன்றைக்கு இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. பிறகுதான் 2007-இல் ஹைதராபாத்தில் மையம் வந்தது. 2011-லிருந்து இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தக் கடலோர நாடுகள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை கொடுக்கின்றன. தாய்லாந்தில் 2009-இலிருந்து ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுவான ஒரு மையமும் இயங்குகிறது. இதெல்லாம் நல்லது, வேண்டியது. ஆனால் நல்லவாட்டில் அந்த ஒலிபெருக்கி முன்பே இல்லாமல் இருந்தால், தினமும் அதைக் கேட்டு நம்பிப் பழகிய ஜனங்கள் இல்லாமல் இருந்தால், சிங்கப்பூர் போன் ஒரு வீட்டோடு நின்றிருக்கும்.

அறிவு எப்போதும் பெரிய இடத்திலிருந்து சின்ன இடத்துக்குத்தான் வரும் என்று நினைத்துவிடாதே. நம் பிச்சாவரத்தை எடுத்துக்கொள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை அலையாத்திக் காட்டைக் கூறு போட்டு மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் திரும்ப வளரும் என்று நினைப்பு. வளரவில்லை. வெயில் பட்டு மண் தாழ்ந்து குழியானது, ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த கடல்நீர் வெளியே போகாமல் தேங்கியது, ஆவியாகி உப்பு மட்டும் தங்கியது. காடு அழிந்ததற்குச் சுற்றுவட்டாரத்து மீனவர்களையும் இருளர்களையும், அவர்கள் மாடுகளையும் குறை சொன்னார்கள். அந்தச் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, மண்ணையும் உப்பையும் அளந்து பார்த்தபோது சங்கதி வேறாக இருந்தது. தண்ணீருக்கு வழி வேண்டும், அவ்வளவுதான். மீன் முள்ளைப் போல நடுவே ஒரு வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே போகும், வற்றும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே வரும். கிளைகளின் சரிவில் வெண்கண்டல் கன்றுகள் நட்டார்கள். வாய்க்கால் வெட்டியதும், பிறகு சேறு தூர்ந்தபோது தூர் வாரியதும் அந்த ஊர் ஜனங்கள்தான். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது படகிலிருந்து பார்த்திருக்கிறேன், வாய்க்கால் ஓரமாக மட்டும் வரிசை பிடித்தாற்போல் பச்சை.

அந்த முறை முத்துப்பேட்டைக்குப் போனது, கோதாவரி, கிருஷ்ணா முகத்துவாரங்களுக்குப் போனது, ஒடிசாவுக்கும் போனது. அலையாத்திக் காடுகளுக்காக 1990-இல் ஜப்பானின் ஒகினாவாவில் தொடங்கிய உலகச் சங்கத்துக்கு முதல் தலைவர் நம் சுவாமிநாதன்தான். பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைச் சேற்றில் கற்றது வேறு கடற்கரைகளுக்குப் போகிறது, பார். போகும்போது வாய்க்காலின் அளவு மட்டும் போனால் போதாது, ஊர்க்காரர்களிடம் முதலில் கேட்ட அந்தப் பழக்கமும் கூடப் போகவேண்டும். பல இடங்களில் கன்று நட்டு, போட்டோ எடுத்து, மூன்றாம் மாதம் அது செத்துப்போவதற்கு அந்தப் பழக்கம் கூடப் போகாததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

புதுச்சேரிக் கடற்கரை மணல் கதையும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களில் துறைமுகத்துக்குக் கல் சுவர் நீட்டினார்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதில் மாட்டிக்கொண்டது. நகரத்துக் கடற்கரை கரைந்தது. கல்லைக் கொட்டித் தடுத்தார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களைத் தின்றது. அங்கேயும் கல்! அப்புறம் 2018 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தண்ணீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்து, காந்தி சிலைப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியது. மகள் பிள்ளைகள் அதில்தான் இப்போது விளையாடுகிறார்கள். வடக்கே இருக்கிற குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்தான்.

இனி உனக்கு ஒரு வேலை. தங்கை தெருவில் மின்கம்பத்தில் போன வருஷத் தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சிவப்பு பெயின்டில் கோடு போட்டு, பக்கத்தில் "சாத்தனூர் 1,68,000" என்று எழுதிவைத்திருக்கிறோம். தெருப் பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று உயரம் பார்க்கிறார்கள். அடுத்த முறை டிவியில் 80,000 என்று சொன்னால், இதைவிடக் கீழே என்றாவது அந்த மீன்கார அம்மாவுக்குப் புரியும். சரியான கணக்கு அல்ல, கடல் ஓதத்தையும் பொறுத்தது, ஆனால் வெறும் எண்ணைவிட மேல். நீ என்ன செய்கிறாய், பாம்பாற்றுப் பாலத்துத் தூணில் போன வருஷக் கறை இருக்கும் பார், அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. மழைக் காலத்தில் தண்ணீர் அந்தக் கறையை நெருங்கினால் நேரம் பார்க்காமல் எனக்குப் போன் போடு. நான் தங்கைக்கும், சோரியாங்குப்பத்தில் இருக்கிற என் பழைய மாணவிக்கும் சொல்வேன். அவள் அங்கே மகளிர் குழுவில் இருக்கிறாள், அவள் குரலுக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. பேரனுக்கு ஒரு மழைமானி வாங்கிக் கொடு, விலை அதிகம் இல்லை. தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதச் சொல், வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது.

பேச்சுப் போட்டி என்றைக்கு என்று எழுதவே இல்லையே? அவன் பேசுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பு. பிச்சாவரம் பார்க்கவேண்டும் என்று அண்ணன் ரொம்ப நாளாகச் சொல்கிறாரே, தை பிறந்ததும் வாருங்கள். இப்போது மழை, போய்ப் பிரயோஜனம் இல்லை. வரும்போது பழைய டிரங்குப் பெட்டி ஏதாவது இருந்தால் எடுத்து வா, தங்கைக்கு வேண்டும்.

அன்புடன்,
சரஸ்வதி